'பொமென்' என்னும் பெயரும் ஒரு சான்றிதழும்: மலேசிய வாகனப் பழுதுபார்ப்பாளரின் திறனும் ஊதியமும்

மலாய் மொழியில் வாகனம் பழுதுபார்ப்பவரைப் 'பொமென்' என்பர். நம்மவர் பேச்சிலும் அச்சொல் தாராளமாக வழங்குகிறது. 'ஃபோர்மன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே அது. ஆங்கிலத்தில் அச்சொல் பட்டறையில் பிறரை வேலை வாங்கும் மேலாளைக் குறிக்கும். தோட்டத்தில் மண்டோர் நின்ற இடம் எனலாம். இங்கு அது வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்பவரின் பெயராயிற்று. பெயர் இறங்கி வந்தது. மேலாளின் சம்பளம் உடன் வரவில்லை. இந்நாட்டில் இத்தொழிலாளரின் திறன் எவ்வாறு சான்றளிக்கப்பட்டது, அச்சான்று ஊதியத்தை எந்த அளவிற்கு மாற்றியது என்பதை இங்கு நோக்குவோம்.

இயந்திரத் திறனுக்கு இந்நாட்டின் முதற்பள்ளி இரயில்வேயே. 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே முதல் இரயில் ஓடியது. பின்னர்க் கோலாலம்பூரின் செந்தூலில் எழுந்த மையப் பட்டறையில் தமிழர் பலர் கொதிகலன் வேலையையும் கடைசல் வேலையையும் பொருத்து வேலையையும் கைவரப் பெற்றனர். பட்டறையைச் சுற்றியே செந்தூல் தமிழர் மிகுந்த பகுதியாக வளர்ந்தது. 1926இல் கோலாலம்பூரில் தொழிற்பள்ளி ஒன்று திறக்கப்பட்டு இயந்திரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது. எனினும், பெரும்பாலோர் மூத்தவரின் அருகில் நின்று பார்த்தே கற்றனர். திறன் கையில் இருந்தும் கூலி நாட்கணக்கிலேயே இருந்தது. 1962 டிசம்பரில் தொடங்கி 1963 ஜனவரி வரை நீடித்த இரயில்வே வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, நாட்கூலியை மாதச் சம்பளமாக்க வேண்டும் என்பதே. திறனுக்கு மதிப்பு என்பது அக்காலத்தில் முதலில் சம்பள முறைபற்றிய கேள்வியாகவே எழுந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதே காலத்தில் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வெளியேற்றியது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனைத் தடுக்கவே. வெளியேறிய இளைஞர்களுள் சிலர் பட்டணத்து வாகனப் பட்டறைகளில் எடுபிடிகளாகச் சேர்ந்தனர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களின் பிழைப்பு ஒரு தாளைப் பொறுத்ததாயிற்று. தாள் என்றாலே நம் மூத்த தொழிலாளர் சிலரிடம் காணப்படும் அச்சத்திற்கு இவ்வரலாறும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

திறனுக்கான தாள் தனியே வந்தது. 1971இல் தேசியத் தொழிற்பயிற்சி, தொழிற்சான்றிதழ் வாரியம் அமைக்கப்பட்டது. 1989இல் அதனிடத்தில் தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் வந்தது. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் அப்பொறுப்பைத் திறன் மேம்பாட்டுத் துறையிடம் ஒப்படைத்தது. மலேசியத் திறன் சான்றிதழில் மூன்று நிலைகள் உள்ளன. அவற்றிற்கு மேல் டிப்ளோமா நிலைகள் இரண்டு. இச்சான்றிதழைப் பயிற்சி நிலையத்தில் பயின்றும் பெறலாம். தொழிலிடத்திலும் பயிற்சி நிலையத்திலுமாகப் பயின்றும் பெறலாம். மூன்றாவது வழியே நம் ஆய்வுக்கு முக்கியமானது. ஏற்கெனவே பெற்ற அனுபவத்தைச் சான்றுகளாகத் தொகுத்துக் கோப்பாக அளித்தால், மதிப்பீட்டாளர் அதனை ஆராய்ந்து தகுதியை ஏற்பார். இருபது ஆண்டுகள் வேலை செய்தவர் மீண்டும் வகுப்பில் அமர வேண்டியதில்லை. கொள்கையளவில் இது நியாயமான ஏற்பாடு. ஆயின், கோப்பு எழுதுதல் வேறொரு திறன். தமிழ்ப்பள்ளியோடு கல்வியை நிறுத்திக்கொண்டவர், ஒலியைக் கேட்டே இயந்திரக் கோளாற்றைச் சொல்லக்கூடியவராயினும், தாம் செய்வதை மலாயில் படிப்படியாக எழுதிக் காட்டத் திணறுவார். உதவுவதற்குப் பிள்ளைகள் இல்லையெனில் விண்ணப்பம் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும்.

சான்றிதழைப் புதுப்பித்தல் என்பது இன்னும் சிக்கலானது. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வெளிவந்த கஞ்சிலும் கார்புரேட்டர் கொண்டவை. திருப்புளியும் செவிக்கூர்மையும் போதும். அதன்பின் மின்னணு எரிபொருள் பீய்ச்சல் வந்தது; கணினியைப் பொருத்திக் கோளாற்றுக் குறியீட்டைப் படிக்கும் காலம் வந்தது; இப்பொழுது உயர் மின்னழுத்தக் கலங்களைக் கொண்ட மின்வண்டிகள் வந்துள்ளன. அமெரிக்காவில் 1972இல் தோன்றிய ஏ.எஸ்.இ. என்னும் அமைப்பு, தான் வழங்கும் சான்றிதழை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என வகுத்துள்ளது. நம் திறன் சான்றிதழுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. இதனால், கார்புரேட்டர் காலத்துச் சான்றிதழும் நேற்றுப் பெற்ற சான்றிதழும் சுவரில் ஒன்றுபோலவே தொங்குகின்றன. புதுப்பித்தலைக் கட்டாயமாக்கலாமே என்று சொல்வது எளிது. ஆனால், செலவு யாருடையது? இரண்டு நாள் பயிற்சிக்குச் செல்லும் நாட்கூலியாளர் இரண்டு நாள் கூலியை இழக்கிறார். மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டாயமாகப் பங்களிக்க வேண்டியவர்கள், உள்நாட்டுத் தொழிலாளர் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வைத்திருக்கும் முதலாளிகளே. நான்கு பேர் வேலை செய்யும் சாலையோரப் பட்டறைக்கு அந்நிதி எட்டுவதில்லை.

ஊதியச் சட்டமும் ஏறத்தாழ அவ்வாறே. 2013 ஜனவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக இருந்தது. அது 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐவருக்குக் குறைவானோர் பணியாற்றும் இடங்களுக்குப் பொதுவாக இவ்வுயர்வு அவ்வாண்டு ஆகஸ்டில்தான் வந்தது. ஆக, சிறு பட்டறை 'பொமென்' ஆறு மாதம் காத்திருந்தார். அன்றியும், அவ்வாணை தருவது ஒரே அடித்தளத் தொகை. மூன்றாம் நிலைச் சான்றிதழ் பெற்றவருக்கும் அவரிடம் நேற்றுச் சேர்ந்த உதவியாளுக்கும் சட்டம் காட்டும் எண் 1,700 ஒன்றே. அதற்குமேல் எவ்வளவு என்பதைப் பட்டறை முதலாளியிடம் அவரே நேரில் கேட்டுப் பெற வேண்டியுள்ளது.