மோட்டாரின் மெருகும் மனிதனின் மதிப்பும்

ஈப்போவிலிருந்து கோப்பேங் செல்லும் பழைய பெருஞ்சாலையில் சிம்பாங் பூலாய் என்னும் ஊர் உள்ளது. சிம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்தி என்பது பொருள். பூலாய் என்பது நம்மவர் ஏழிலைப்பாலை என்று வழங்கும் மரத்தின் இனம். பெயர் மரத்தினுடையதாயினும், இன்று ஊரின் அடையாளமாய் நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகளே. கிந்தாப் பள்ளத்தாக்கின் இம்மலைகள் உடைபட்டுச் சல்லியாகவும் தூளாகவும் பளிங்குப் பலகைகளாகவும் லாரி ஏறுகின்றன. அவற்றின் புழுதி சாலையோரத்து இலைகளின்மேலும், கூரைகளின்மேலும், வாசலில் நிற்கும் மோட்டார் கார்களின்மேலும் வெண்மையாய்ப் படிகிறது.

ஓய்வு நாட்களில் இவ்வூரார் பலர் தம் காரைக் கழுவி, ஒரு புட்டியிலிருந்து மெழுகு கலந்த நீரைத் தெளித்து, மெல்லிய துணியால் துடைத்து மெருகேற்றுவர். கடைக்காரர் அதனை ஸ்பிரே வேக்ஸ் என்பர். இச்சிறு செய்கையில் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று நேயர்கள் வினவலாம். உண்டு. மன்னர்களின் போர்கள் மட்டுமே வரலாறு அன்று. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, அதற்காக யார் வியர்வை சிந்தினர் என்பதும் வரலாறேயாம்.

மோட்டார் கார் பிறந்தபொழுது அது குதிரையற்ற கோச்சு வண்டியாகவே இருந்தது. அதன் பூச்சும் கோச்சு வண்டியின் பூச்சே. ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்ந்த வார்னிஷைத் தூரிகையால் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை காத்திருந்து, தேய்த்து, மறுபடியும் பூசுவர். ஒரு வண்டிக்கு வாரக்கணக்கில் காலம் செல்லும். அவ்வளவு பாடுபட்டுப் பூசிய வார்னிஷும் வெயிலில் மங்கும், மழையில் வெளுக்கும். ஆகவே அதனை நாள்தோறும் துடைத்துப் பேண ஓர் ஆள் வேண்டியிருந்தது. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிய பணியாளே, பின்னர்க் காரையும் துடைக்கலானான். குதிரைக்காரனைக் குறித்த ‘சைஸ்’ என்னும் சொல்லே மலாயாவில் கார் ஓட்டியையும் குறிக்கலாயிற்று என்பதை நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். மெருகு முதலாளிக்கு, துடைக்கும் கை ஏழைக்கு. இதுவே அக்காலத்து நியதி.

தோட்டத்தில் இம்மெருகுக்கு வேறொரு பொருளும் இருந்தது. செம்மண் பாதையில் துரையின் மோட்டார் பளபளத்து வருமாயின், எதிரே வரும் தொழிலாளி ஒதுங்க வேண்டும். சைக்கிளில் வருபவன் இறங்கி நிற்க வேண்டும். இது வெறும் மரியாதை அன்று. மனிதனை மனிதன் தாழ்த்தும் சட்டமற்ற சட்டம். 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கேட்டதோடு அமையவில்லை. வெள்ளைக்காரரையும் தோட்ட உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாய் இருந்தது. அரசாங்கம் படையைக் கொண்டு அவ்வேலைநிறுத்தத்தை அடக்கியது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். நாதன் நாடு கடத்தப்பட்டார். வயிற்றுக்குச் சோறு கேட்டவர்கள் சைக்கிளின்மேல் அமர்ந்திருக்கும் உரிமையையும் ஏன் கேட்டனர்? மானமும் சோற்றைப் போன்றே உயிருக்கு இன்றியமையாதது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அவ்வளவே.

இனி, ஒருவருக்கே உரியதாயிருந்த மெருகு பலருக்கும் உரியதானது எவ்வாறு எனக் காண்போம். அமெரிக்காவின் டொலீடோ நகரில் டெவில்பிஸ் என்னும் மருத்துவர் நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் திவலையாகத் தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் அதே நெறியைக் கொண்டு வர்ணம் தெளிக்கும் துப்பாக்கியை இயற்றினார். நோய் தீர்க்கப் பிறந்த சூழ்ச்சி தொழிற்சாலைக்குள் புகுந்தது. பின்னர், 1923-இல் டியூப்பாண்ட் கம்பெனியார் செய்த டியூக்கோ என்னும் புதிய பூச்சு ஓக்லண்ட் கார்களில் தெளிக்கப்பட்டது. வாரக்கணக்கில் உலர்ந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. அதுகாறும் ஹென்றி போர்டின் மாடல் டி வண்டிகள் 1914 முதல் 1925 வரை பெரும்பாலும் கறுப்பாகவே வந்தன. புதிய பூச்சு வந்தபின் பல நிறங்களும் மலிவான விலையில் கிடைக்கலாயின. சூத்திரம் கண்ட அறிவு சாதி பார்ப்பதில்லை. வாங்குவோன் யார் என்று கேட்பதுமில்லை. இது அறிவியலின் பெருமை.

பூச்சைக் காப்பதற்கு மெழுகு வேண்டும். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை வெப்பத்திலேயே உருகும். இதனினும் உறுதியானது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் கார்னாபா என்னும் பனையின் மெழுகு. அது உருக 80 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். அவ்வறண்ட நிலத்தில் தன் ஈரம் வெளியேறாதபடி இலையின்மேல் அம்மரம் தானே பூசிக்கொள்ளும் கவசமே அது. 1935-இல் அமெரிக்க மெழுகு வணிகரான எச். எப். ஜான்சன் என்பார், இப்பனையைக் காண்பதற்கென்றே ஒரு விமானத்துக்குக் கார்னாபா எனப் பெயரிட்டுப் பிரேசிலுக்குப் பறந்து சென்றார் எனில், அதன் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே பேராத் தமிழர் ஒன்றைக் கருதவேண்டும். நம் முன்னோரைக் கடல் கடத்திய ரப்பரும் பிரேசில் நாட்டதே. 1876-இல் விக்கம் என்பார் அதன் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டில் அவ்வழி வந்த கன்றுகள் சிங்கப்பூரை எட்டின. அவற்றுட் சில கோலகங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார், மோட்டார் பெருகியது, ரப்பரின் தேவையும் பெருகியது, கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். ரப்பர் கடல் கடந்தது, மெழுகுப்பனையோ கடக்கவில்லை. ஈரம் மிகுந்த நாடுகளில் அது வளர்ந்தாலும் போதிய மெழுகைத் தருவதில்லை. ஒரே காரின் சக்கரத்தில் நம்மவர் உழைப்பும், அதன் மேனியில் பிரேசிலியர் உழைப்பும் சேர்ந்திருந்தன. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். காரில் அமர்ந்தவனோ இருவரையும் அறியான்.

முன்பு மெழுகு களிம்பாகத் தகரக் குப்பியில் வந்தது. அதனைப் பூசி, உலரவிட்டு, கை சோரத் தேய்க்க வேண்டும். 1940-களில் சிக்காகோவில் பெஞ்சமின் ஹிர்ஷ் என்பார் திரவ மெருகைச் செய்து விற்றார். பின்னர் டர்ட்டில் வேக்ஸ் எனப் புகழ்பெற்றது அவர் நிறுவனமே. அதன்பின் மெழுகையும் சிலிக்கோன் எண்ணெயையும் நீரில் நுண்துளிகளாகக் கலந்து தெளிக்கும் முறை வந்தது. 1985-இல் புரோட்டோன் சாகா வெளிவந்தபின் இந்நாட்டில் கார் சாமானியர் வீட்டு வாசலுக்கும் வரலாயிற்று. துடைக்க ஆள் வைக்க இயலாதவர்க்கு, பத்து நிமிடத்தில் வேலையை முடிக்கும் தெளிப்பு மெழுகு உற்ற துணையாயிற்று. சைஸின் வேலையை உடையவனே செய்யும் காலம் வந்தது. இதனை நாம் ஒரு சிறு புரட்சி என்றே கொள்வோம்.

ஆயினும் எதையும் ஆராயாது செய்தல் அறிவுடைமை ஆகாது. காரின் பூச்சுக்கள் யாவும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே. அதன் மேலடுக்கு நிறமற்ற கண்ணாடி போன்ற பூச்சு. கல்லுடைக்கும் ஊரில் புழுதி படிந்த காரின்மேல் நேரே மெழுகைத் தெளித்துத் தேய்ப்பவன், மெருகேற்றுவதாக எண்ணிக் கீறல் ஏற்றுகிறான். முதலில் நிறைய நீர் விட்டுப் புழுதியைக் கழுவி நீக்க வேண்டும். சுண்ணாம்பு கலந்த நீர் தகட்டின்மேல் தானே உலருமாயின் வெண்புள்ளிகள் விழும். ஆதலின் உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். வெயிலில் சுட்ட தகட்டின்மேல் தெளிக்கலாகாது. நிழலில் ஒவ்வொரு பகுதியாகத் தெளித்து, தூய துணியால் பரப்பி, மறுதுணியால் துடைத்தல் நன்று. பிரேக்குத் தட்டின்மேல் சிறிதும் படலாகாது. பட்டால் உயிருக்கே கேடு. தெளித்த மெழுகு சில வாரங்களே நிற்கும். பழங்கீறலையும் துருவையும் அது போக்காது. புட்டியின்மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் அற்புதம் என்று அச்சிட்டிருப்பினும் இயற்கையின் விதி மாறாது.

இதனினும் பெரியதொன்று உளது. பிரேசிலின் மெழுகுப்பனைக் காட்டில் நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று ஓலையை அறுக்கின்றனர். அறுத்ததை வெயிலில் உலர்த்தி, தட்டி உதிர்த்த பொடியையே உருக்கி மெழுகாக்குவர். நம் பேராவில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாய் மாறியபின், பழக்குலை வெட்டுவோர் ஏந்துவதும் அத்தகைய அரிவாளே. 2017-இல் ஒரு ஜெர்மானியத் தொலைக்காட்சி நிலையம் அப்பனைக் காட்டுத் தொழிலாளரின் நிலையை உலகுக்குக் காட்டியது. சிலர் திறந்தவெளியில் உறங்கி, வடிகட்டாத ஆற்றுநீரைப் பருகி வேலை செய்த கொடுமை அதனால் வெளிப்பட்டது. அதன்பின்னரே மெழுகு வாங்கும் கம்பெனிகள் பல விழித்துக்கொண்டன. லயத்து வாழ்வை அறிந்த சமுதாயத்துக்கு இச்செய்தி அயலார் கதை ஆகுமோ?

ஆகவே தோழர்களே! காரைப் பேணுங்கள். உழைத்துச் சேர்த்த பொருளைத் துருப்பிடிக்க விடுதல் சிக்கனம் அன்று. ஆனால் அதன் பளபளப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் பழைய துரைத்தனத்தை அதனோடு வீட்டிற்குள் கொண்டுவராதீர்கள். தவணை கட்ட வழியின்றிப் பிள்ளைகளின் படிப்பைக் குறைத்து அயலார் மெச்சக் கார் வாங்குவதும், சைக்கிளில் வருபவனை இளப்பமாய் நோக்குவதும், அன்று சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தோருக்கு நாம் செய்யும் துரோகமாகும். தகட்டின் மெருகு சில வாரங்களில் தேயும். மனிதனுக்கு மனிதன் காட்டும் மதிப்போ, நாள்தோறும் பழகப் பழக ஒளி கூடும் மெருகாகும். அம்மெருகு நம் தெருவெங்கும் ஒளிரட்டும்!