சோலைவரியும் சிறைச்சாலையும்

நம் மலைநாட்டுத் தேயிலைப் பெட்டிகள் இறக்கப்பட்ட இலண்டன் துறைகளைப் பற்றி நாம் அறிந்தது சொற்பம். அங்கே சுமை சுமந்தோர் வாழ்ந்த கீழ் இலண்டனைப் பற்றி அறிந்தது அதனினும் சொற்பம். தேம்ஸ் நதியின் வடகரையில், மாநகரின் வணிக மையத்தை ஒட்டிக் கிடக்கும் அப்பகுதி இன்று ரவர் ஹம்லற்ஸ் எனப்படுகிறது. ஸ்ரெப்னி, பொப்ளர், பெத்னல் கிறீன் என்னும் மூன்று பழைய நகரசபைப் பிரிவுகள் 1965இல் ஒன்றாக்கப்பட்டு உருவானது அது.

1888இல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ததும், 1889இல் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு வென்றதும் அம்மண்ணிலேதான். இவற்றை நம் ஆசிரியர்கள் அறிவர். பொப்ளர் நகரசபை 1921இல் நடத்திய போராட்டமோ நம் வகுப்பறைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

அக்காலத்தில் ஏழைகளுக்கான நிவாரணத்தை அந்தந்தப் பகுதியே தன் சோலைவரியிலிருந்து வழங்கவேண்டும். வரியோ கட்டிடங்களின் வாடகைப் பெறுமதியைப் பொறுத்தது. செல்வர் வாழ்ந்த மேற்கு இலண்டனில் வரி வருமானம் மிகுதி, நிவாரணம் வேண்டுவோர் குறைவு. பொப்ளரில் நிலைமை நேர் எதிர். வேலையற்றோரிடம் மேலும் வரி பிடுங்க விரும்பாத நகரசபை, இலண்டன் மாவட்டசபை முதலிய பொது அமைப்புகளுக்கான பங்கை அறவிட மறுத்தது. ஜோர்ஜ் லான்ஸ்பரியும் சக அங்கத்தவர்களும் உயர்நீதிமன்றத்துக்கு ஊர்வலமாகவே சென்றனர். பணியாத 30 பேர் செப்டெம்பரில் சிறை புகுந்தனர். ஆண்கள் பிரிக்ஸ்ரனில், பெண்கள் ஹொலோவேயில். நகரசபைக் கூட்டங்கள் பிரிக்ஸ்ரன் சிறையினுள்ளேயே நடைபெற்றன. பெண் அங்கத்தவர்கள் அங்கு அழைத்துவரப்பட்டனர். சட்டத்தை மீறிச் சிறைப்பட்டோர் சட்டப்படி கூடிய சபை!

ஆறு வாரங்களில் அரசு இறங்கிவந்தது. நிவாரணச் செலவை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் பிறந்தது. ஆனால், சிறை சென்றோருள் ஒருவரான முன்னாள் பள்ளி ஆசிரியை மினி லான்ஸ்பரி, 1922 புத்தாண்டு நாளன்று 32 வயதில் மரணமானார். வெற்றியும் முழுமையானதன்று என்றே நாம் கருதுகிறோம். சுமை பங்கிடப்பட்டதே ஒழிய வேலையின்மை நீங்கவில்லை.

1936 ஒக்ரோபர் 4ஆந் திகதி கேபிள் வீதியில் பாசிசவாதிகளின் அணிவகுப்பை யூதரும் ஐரிஷ் தொழிலாளரும் தோளோடு தோள் நின்று மறித்தனர். பின்னர் யூதர் பலர் வேறிடம் பெயர, வங்காளிகள் குடியேறினர். பிரிக் லேனில் யூதர் தொழுத ஆலயம் 1976இல் பள்ளிவாசலாயிற்று.

மேற்கிந்தியத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த சீனிக்காக 1802இல் திறக்கப்பட்ட துறை, கொள்கலன் கப்பல்களுக்கு இடங்கொடாது 1980இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று வங்கிகளின் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் நிழல் விழும் அதே பகுதி, பிரித்தானியாவில் பிள்ளைகளின் வறுமை மிகுந்த இடங்களுள் ஒன்றாக அண்மை ஆண்டுகளிலும் கணிக்கப்பட்டு வந்துள்ளது.