கொழுத்த சுண்டெலியின் மூளை

1949இல் அமெரிக்காவின் பார் ஹார்பரிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் அளவுமீறிக் கொழுத்த சில சுண்டெலிகள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஓயாமல் தின்றன. சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு நிறைவரை வளர்ந்தன. ஒரேயொரு மரபணுவின் பழுதுதான் காரணம். அந்த மரபணுவை ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு 1994இல்தான் அடையாளம் கண்டது. கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஓமோனுக்கான மரபணு அது. ‘சேமிப்புப் போதும்’ என்று மூளைக்குச் சொல்வது லெப்டினின் வேலை. அந்தச் செய்தி வராவிட்டால், உடலில் எவ்வளவு கொழுப்பு இருந்தாலும் மூளை பட்டினி என்றே எடுத்துக்கொள்ளும்.

புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வழக்குத் தவணைக்கு வரும் எங்கள் தாய்மாரில் உடல் பருத்தவர்களைப் பார்த்து, “வாயைக் கட்டத் தெரியாதோ?” என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பசி வெறும் வாயின் சங்கதி இல்லை என்பதற்கு இந்த எலிகளே சாட்சி.

அவற்றின் மூளை சாதாரண எலியின் மூளையைவிடச் சிறியது. பசியை ஆளும் பரிவகக்கீழ்ப் பகுதியில் வேறுபாடு இன்னும் ஆழமானது. செபஸ்டியன் பூரே, ரிச்சர்ட் சிமர்லி முதலானோர் 2004இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் இதை விளக்கினார்கள். அங்கே ஒரு நரம்புத்தொகுதியிலிருந்து மற்றவற்றுக்குப் போகவேண்டிய இழைகள் இந்த எலிகளில் மிக ஐதாக இருந்தன. பிறந்த முதல் நாட்களில் லெப்டின் ஏற்றியபோது இழைகள் வளர்ந்தன. வளர்ந்த எலிக்கு ஏற்றினால் அது குறைவாகத் தின்றது, மெலிந்தது, இழைகளோ சீராகவில்லை. காலம் தவறிப்போயிருந்தது.

மனிதரில் இந்த மரபணுப் பழுது மிக அரிது. 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பாகிஸ்தானியப் பின்னணியுடைய இரு சிறுவர்களில் அதைக் கண்டார்கள். பருத்தவர்களில் பெரும்பாலானோருக்கு லெப்டின் கூடுதலாகவே இருக்கிறது; ஆகவே லெப்டின் ஊசி எல்லோருக்குமான மருந்தல்ல.

மனிதக் குழந்தைக்கு இந்த நரம்புப் பின்னலின் பெரும்பகுதி கருவிலேயே நடப்பதாகக் கருதப்படுகிறது. அதனால் ஒல்லாந்தின் 1944–45 பஞ்சம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாசிகள் உணவை மறித்த அந்தக் காலத்தில் கருவிலிருந்தவர்கள் உட்பட, மூன்று இலட்சம் இளைஞரின் இராணுவப் பதிவேடுகளை 1976இல் வெளிவந்த ஆய்வொன்று அலசியது. கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால் மகனிடம் உடற்பருமன் கூடுதல். கடைசி மாதங்களில் என்றால் குறைவு. எலியின் மரபணுப் பழுதும் பஞ்சமும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டிலும் காலமே கணக்கு.

2009இல் வன்னியில் கஞ்சியோடு கருச்சுமந்தவர்களின் பிள்ளைகள் இப்போது பதின்ம வயதின் பிற்பகுதியில் இருக்கிறார்கள். ஒல்லாந்தில் அளக்கப்பட்டவர்களுக்கு வயது 19.