டெர்மட் மார்கன்: பாதிரியார் வேடம் போட்ட கலகக்காரர்

'ஃபாதர் டெட்' என்ற காமெடி தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் மறக்காது. நரைத்த தலை, கறுப்பு உடை, கழுத்தில் வெள்ளைக் காலர், எப்போது மாட்டிக்கொள்வோமோ என்று திருதிருவென விழிக்கும் பார்வை. அந்தப் பாதிரியாராக நடித்த டெர்மட் மார்கனை உலகம் நடிகராக மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறது. ஆனால் அவர் அதற்கு முன்பே தன் நாட்டுப் பிரதமரை வாராவாரம் வானொலியில் கிண்டல் செய்து எழுதியவர். அந்த எழுத்துக்கு ஒருநாள் கதவு சாத்தப்பட்டது. பிறகு வேறு இருவர் எழுதிய வசனத்தை வேறொரு நாட்டு டிவியில் பேசித்தான் அவர் பெரும் புகழ் பெற்றார். இது ஏன் அப்படி நடந்தது?

வாத்தியார் வேலையிலிருந்து டிவிக்கு

மார்கன் 1952 மார்ச் 31 அன்று டப்ளினில் பிறந்தார். யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளினில் படித்தார். பிறகு பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். மாதச் சம்பளம் வரும் வேலை. அதை விட்டுவிட்டு, நிச்சயமில்லாத காமெடிப் பிழைப்புக்கு வந்தார்.

அயர்லாந்தின் அரசு ஒளிபரப்பு நிறுவனம் ஆர்.டி.ஈ. அதில் 1979 முதல் 1982 வரை 'தி லைவ் மைக்' என்ற நிகழ்ச்சி வந்தது. மார்கன் அதில் பல வேடங்களில் தோன்றினார். மக்களிடம் ஒட்டிக்கொண்ட வேடம் 'ஃபாதர் டிரெண்டி'. இளைஞர்களோடு சரிக்குச் சமமாகப் பழகுவதாகக் காட்டிக்கொள்ளும் 'மாடர்ன்' பாதிரியார் அவர். ஏதாவது ஓர் அன்றாட விஷயத்தை எடுத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் அதை மதபோதனையோடு முடிச்சுப் போடுவார்.

இதில் என்ன பெரிய துணிச்சல் என்று இன்று தோன்றலாம். அன்றைய அயர்லாந்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விவாகரத்துக்கு அரசியல் சட்டத்திலேயே தடை. 1979ல் வந்த ஒரு சட்டப்படி கருத்தடைச் சாதனம் வாங்க டாக்டர் சீட்டு வேண்டும். பள்ளிகளில் பெரும்பாலானவை கத்தோலிக்கத் திருச்சபையின் கையில். அதே 1979ல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். அப்படிப்பட்ட நாட்டில்தான் டிவியில் ஒரு பாதிரியாரை அசட்டுத்தனமாகக் காட்டினார் மார்கன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பயணத்தின்போது கால்வே நகரில் இளைஞர்களுக்கான திருப்பலி நடந்தது. போப் வரும் வரை கூட்டத்தை உற்சாகப்படுத்தியவர்கள் இருவர்: பிஷப் ஏமன் கேசி, பாதிரியார் மைக்கேல் கிளியரி. இருவரும் 'மக்களோடு மக்களாக' பழகுகிறவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். கேசிக்கு ஒரு மகன் இருப்பது 1992ல் தெரிய வந்தது. கிளியரிக்கும் பிள்ளை உண்டு என்பது 1993ல் அவர் இறந்த பிறகு வெளியானது. மார்கன் ஃபாதர் டிரெண்டியைப் படைத்தபோது இதெல்லாம் ஊருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அவருக்கு எப்படியோ பட்டிருக்கிறது.

1985ல் மார்கன் ஒரு நகைச்சுவைப் பாட்டும் வெளியிட்டார். அந்த வருடம் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற பாரி மெக்கிகன், மேடைக்கு மேடை தன் மேனேஜர் ஈஸ்ட்வுட்டுக்கு நன்றி சொல்வார். அதைக் கிண்டல் செய்த பாட்டு அது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அயர்லாந்து விற்பனைப் பட்டியலில் அதுதான் முதலிடம்!

சனிக்கிழமை காலை

மார்கன் எழுத்தாளராக உச்சம் தொட்டது வானொலியில். 1980களின் முடிவில் ஆர்.டி.ஈ வானொலியில் 'ஸ்க்ராப் சாட்டர்டே' தொடங்கியது. ஜெரார்ட் ஸ்டெம்பிரிட்ஜும் மார்கனும் சேர்ந்து எழுதினார்கள். ஓவன் ரோ, பாலின் மெக்லின் ஆகியோரும் குரல் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலையில் நாட்டின் அரசியல்வாதிகள் எல்லோரும் அதில் வறுபட்டார்கள்.

முக்கியமான இலக்கு பிரதமர் சார்ல்ஸ் ஹாஹி. ஹாஹியும் அவருடைய பத்திரிகைச் செயலாளர் பி.ஜே. மாராவும் பேசிக்கொள்வதுபோல் வரும் பகுதிதான் நிகழ்ச்சியின் உயிர். ராஜா மாதிரி அதட்டும் தலைவர், தலையாட்டிக்கொண்டே சமாளிக்கும் உதவியாளர்.

ஹாஹி யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1980 ஜனவரியில் இவர் டிவியில் தோன்றி, நாம் வருமானத்துக்கு மீறி வாழ்கிறோம், சிக்கனம் வேண்டும் என்று நாட்டுக்கே புத்தி சொன்னார். அவரோ டப்ளினுக்கு அருகே மாளிகையில் வாழ்ந்தார், மேற்குக் கடலில் சொந்தமாக ஒரு தீவே வைத்திருந்தார். பிரதமர் சம்பளத்தில் இது எப்படி முடியும்? எல்லோர் மனதிலும் இந்தக் கேள்வி இருந்தது. மான நஷ்ட வழக்குக்குப் பயந்து பத்திரிகைகள் அடக்கி வாசித்தன. நேராகச் சொல்ல முடியாததை மார்கன் கிண்டலாகச் சொன்னார். மிமிக்ரிக்குக் கணக்கு வழக்கு ஆதாரம் தேவையில்லை அல்லவா?

நிகழ்ச்சி பெரிய வெற்றி. இருந்தும் 1991ல் அதை ஆர்.டி.ஈ நிறுத்தியது. நிகழ்ச்சியை வெட்டவில்லை, தொடரவில்லை, அவ்வளவுதான் என்கிற ரீதியில் நிறுவனத்தின் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கமே ஸ்க்ராப் சாட்டர்டேயில் வரவேண்டிய ஜோக்! மார்கன் கொதித்துப்போனார். இது கோழைத்தனம், அதிகாரத்துக்குப் பணிந்துபோவது என்று வெளிப்படையாகவே தாக்கினார்.

வாங்குபவர் ஒருவர்தான் என்றால்...

ஹாஹி போன் போட்டு நிறுத்தச் சொன்னார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அப்படி ஒரு போன் தேவையும் இல்லை. அன்றைய சந்தையைப் பார்த்தாலே விஷயம் விளங்கும்.

அயர்லாந்தின் அன்றைய மக்கள்தொகை சுமார் 35 லட்சம். நாடு முழுக்க ஒளிபரப்பிய டிவி நிறுவனம் ஆர்.டி.ஈ மட்டும்தான். முதல் தனியார் டிவியான டிவி3 வந்தது 1998 செப்டம்பரில். வானொலியில் 1989ல் 'செஞ்சுரி' என்ற தனியார் தேசிய நிலையம் தொடங்கியது. அதுவும் 1991 நவம்பரில் இழுத்து மூடப்பட்டது. அதாவது விற்பவர்கள் பலர், வாங்குபவர் ஒருவர். அந்த ஒருவர் 'வேண்டாம்' என்றால் எழுத்தாளர் சரக்கை எடுத்துக்கொண்டு போக நாட்டில் வேறு கடையே கிடையாது.

அந்த ஒரே கடைக்காரரும் சுதந்திரமாக இல்லை. லைசென்ஸ் கட்டணம், விளம்பரம் இரண்டும்தான் ஆர்.டி.ஈயின் வருமானம். கட்டணத்தைத் தீர்மானிப்பது அரசாங்கம். 1990ல் ஹாஹி அமைச்சரவையில் இருந்த ரே பர்க் ஒரு சட்டம் கொண்டுவந்து விளம்பர வருமானத்துக்கும் உச்சவரம்பு போட்டார். அது செஞ்சுரிக்குச் சாதகமான ஏற்பாடு. செஞ்சுரியைத் தொடங்கியவர்களில் ஒருவரிடமிருந்து பர்க் 35,000 பவுண்டு பெற்றது ஊழல் பணம் என்று 2002ல் விசாரணை ஆணையம் ஒன்று கூறியது. சட்டைப்பையில் அரசாங்கத்தின் கை இருக்கும் நிறுவனம் பிரதமரைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சியை எத்தனை நாள் சந்தோஷமாக நடத்தும்? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடல் தாண்டிய கடை

மார்கனுக்கு அடுத்த வாய்ப்பு லண்டனிலிருந்து வந்தது. பிரிட்டனின் சேனல் 4, 1982ல் தொடங்கியபோதே மற்ற சேனல்கள் செய்யாததைச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு தொடங்கிய சேனல். அன்று அது நிகழ்ச்சிகளைத் தானே தயாரிக்காமல் வெளியாரிடம் வாங்கியது. அதற்காக ஹேட் டிரிக் நிறுவனம் தயாரித்த தொடர்தான் 'ஃபாதர் டெட்'. எழுதியவர்கள் கிரஹாம் லினஹன், ஆர்தர் மேத்யூஸ் என்ற இரண்டு ஐரிஷ் இளைஞர்கள்.

ஆர்.டி.ஈ வேண்டாம் என்று தள்ளிய பிறகுதான் இந்தத் தொடர் லண்டனுக்குப் போனது என்று ஒரு கதை உண்டு. அது உண்மை இல்லை. ஆர்.டி.ஈயிடம் அதைக் கொடுக்கவே இல்லை என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். தள்ளப்பட்டது தொடர் அல்ல, அதன் கதாநாயகன்!

தொடர் 1995 ஏப்ரல் 21 அன்று தொடங்கியது. கிராகி தீவு என்ற கற்பனைத் தீவு. அங்கே தண்டனையாக அனுப்பப்பட்ட மூன்று பாதிரியார்கள். ஒன்றுமே புரியாத டூகல் (ஆர்டல் ஓ'ஹான்லன்), எந்நேரமும் குடியில் கிடக்கும் கிழவர் ஜாக் (ஃப்ராங்க் கெல்லி), இவர்களுக்கு நடுவே ஓரளவு அறிவும் நிறைய ஆசையும் உள்ள டெட். டீ குடிக்கச் சொல்லி உயிரை வாங்கும் வீட்டு வேலைக்காரம்மா மிஸஸ் டாயிலாக பாலின் மெக்லின். ஆமாம், ஸ்க்ராப் சாட்டர்டேயில் குரல் கொடுத்த அதே பாலின் மெக்லின்.

டெட் செய்த குற்றம் என்ன? நோயாளிக் குழந்தை ஒன்றை லூர்துக்கு அனுப்ப வசூலித்த பணத்தோடு அவர் லாஸ் வேகாஸ் போய்விட்டார். யாராவது கேட்டால், பணம் என் கணக்கில் சும்மா ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது என்பார். தொடர் முழுக்க வரும் ஜோக் இது.

இப்போது நிஜத்துக்கு வருவோம். 1989ல் ஹாஹியின் நெருங்கிய சகா பிரையன் லெனிஹனுக்கு அமெரிக்காவில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதற்காக நன்கொடை திரட்டப்பட்டது. அதில் பெரும் பகுதியை ஹாஹி தன் சொந்தத் தேவைக்குத் திருப்பிவிட்டார் என்று மோரியார்ட்டி ஆணையம் 2006ல் அறிக்கை கொடுத்தது. நோயாளியின் பயணத்துக்கு என்று திரட்டிய பணம்! தொடரை எழுதியவர்களுக்கு 1995ல் இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் நாட்டின் பெரிய மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற வாசனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தொழிலதிபர் பென் டன் ஹாஹிக்கு 13 லட்சம் பவுண்டு கொடுத்தது மட்டும் 1997லேயே மெக்ராக்கன் ஆணையத்தில் அம்பலமாகிவிட்டது. மார்கன் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். ஆறு வருடங்களுக்கு முன்பு அவர் வானொலியில் வரைந்த சித்திரத்துக்கு இப்போது ரசீது கிடைத்தது.

கடைசி நாள்

மூன்றாவது பருவத்தின் கடைசி அத்தியாயத்தை 1998 பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை லண்டனில் பதிவு செய்து முடித்தார்கள். இதோடு டெட் வேடத்தை விட்டுவிடுவது என்று மார்கன் முடிவு செய்திருந்தார். மறுபடி சொந்தமாக எழுதத் தொடங்கியிருந்தார். ஒரே வீட்டில் வசிக்கும் இரண்டு முன்னாள் கால்பந்து வீரர்களைப் பற்றிய தொடர் அது.

மறுநாள், பிப்ரவரி 28. வீட்டில் நண்பர்களுக்கு விருந்து. அங்கேயே மாரடைப்பு வந்தது. மார்கன் இறந்துபோனார். வயது 45.

ஒளிபரப்பை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். கடைசி அத்தியாயத்துக்கு முதலில் யோசித்திருந்த முடிவை எடுத்துவிட்டு, பழைய அத்தியாயங்களின் காட்சித் துணுக்குகளைத் தொகுத்துச் சேர்த்தார்கள். 1998 மே 1 அன்று தொடர் முடிந்தது. மொத்தம் 25 அத்தியாயங்கள்தான். சிறந்த நகைச்சுவை நடிப்புக்கான பாஃப்டா விருதை 1999ல் மார்கனுக்கு அவர் மறைவுக்குப் பின் கொடுத்தார்கள்.

ஃபாதர் டெட் அபாரமான தொடர், மார்கன் அதில் அபாரமான நடிகர். அதில் சந்தேகமில்லை. அதோடு, இருவர் எழுதிக்கொடுத்த அந்த வேடத்துக்குள் அவர் சும்மா புகுந்துகொள்ளவில்லை. ஃபாதர் டிரெண்டி காலத்திலிருந்து பதினைந்து வருடம் பாதிரியார்களையும் பிரதமர்களையும் உற்றுப் பார்த்த கண் அது. மாட்டிக்கொண்ட பெரிய மனிதன் எப்படி விழிப்பான், எப்படி மழுப்புவான் என்பதை ஹாஹியை எழுதி எழுதியே அவர் பழகியிருந்தார்.

இன்று டப்ளின் மெரியன் சதுக்கப் பூங்காவில் அவர் நினைவாக வெண்கலத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. கோமாளியின் நாற்காலி என்று அதற்குப் பெயர். அங்கிருந்து சில நிமிட நடையில் அயர்லாந்து நாடாளுமன்றம். 2007 முதல் அரன் தீவுகளில் ஃபாதர் டெட் ரசிகர்கள் பாதிரியார் வேடம் போட்டுக்கொண்டு திருவிழாவே நடத்துகிறார்கள். இவ்வளவு பெருமையும் அவருக்கு நியாயமானதுதான். ஆனால் அந்தக் கால்பந்து வீரர்களின் தொடர் வரவே இல்லை. 1991க்குப் பிறகு மார்கன் தன் எழுத்தில், தன் நாட்டு அரசியலைப் பற்றி வாராவாரம் பேசும் வாய்ப்பு அவருக்குத் திரும்பவும் கிடைக்கவில்லை.