செல்போன் யார் கையில்?

சேரிப் பெண் அரசியலுக்கு வந்த கதையை எழுதுகிறவர்கள் சட்டங்களின் வரிசையைத்தான் தருகிறார்கள். 1993இல் அமலுக்கு வந்த 73ஆவது திருத்தம். 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குச் சட்டமான ஐம்பது சதவீதம். சட்டம் நாற்காலி கொடுத்தது, சரி. அதுல உட்கார விட்டாங்களா? விடவில்லை என்ற சேதி ஊரைத் தாண்டி எப்படிப் போனது? சேதி போன வழியின் வரலாறும் நம்முடைய வரலாறுதான் என்பது என் கட்சி.

பேச நமக்கு எப்பவும் நாக்கு இருந்தது. 1855இல், பூனாவில் பூலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, தன் சனங்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினார். 'ஞானோதயா' அதை அச்சிட்டது. 1942 சூலையில் நாக்பூரில் சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் ஒடுக்கப்பட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் மாநாடு கூடினார்கள். நாக்கு இருந்தது, அச்சு யந்திரம் மட்டும் அடுத்தவன் வீட்டில் இருந்தது.

அந்த யந்திரத்தைத் தங்கள் பக்கம் இழுத்தவர்கள் உத்தரப் பிரதேசத்தின் பந்தேல்கண்ட் பெண்கள். 2002இல் சித்திரகூட மாவட்டம் கர்வியில் 'கபர் லகரியா' பிறந்தது. தில்லியின் 'நிரந்தர்' அமைப்பு துணை நின்றது. சேதி சேகரித்தது, எழுதியது, ஊர் ஊராய்க் கொண்டுபோய் விற்றது எல்லாம் பெண்கள்; அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மொழி அவர்கள் வீட்டில் பேசுகிற பந்தேலி. 2016இல் அச்சை விட்டு முழுக்கச் செல்போனுக்கும் வீடியோவுக்கும் மாறினார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவளும் இனி சேதியைப் பார்க்கலாம், கேட்கலாம்.

அதே போன்தான் அவர்களை வேட்டையாடவும் செய்தது. 2015இல் ஒருவன் இந்த நிருபர்களுக்கு மாதக்கணக்கில் போன் போட்டு ஆபாசமாய் மிரட்டினான். போலீசில் சொல்லியும் அசையவில்லை. தங்களுக்கு நடந்ததை அவர்களே இணையத்தில் எழுதி, ஊர் பூரா தெரிந்த பிறகுதான் கைது நடந்தது. ஆயுதமும் காயமும் ஒரே பொருளில்!

நம்ம பக்கம் வருவோம். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையின் ஊராட்சி மன்றத் தலைவர், ஒரு தலித் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் செல்போன் செல்போனாகப் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில். கூட்டம் நடந்ததோ சில மாதம் முன்பு. படம் நகர்ந்த பிறகுதான் அதிகாரம் நகர்ந்தது: ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

இதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் படத்தில் நம் பெண் பார்க்கப்படுகிறாள், பேசவில்லை. கர்விப் பெண்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார்கள். வித்தியாசம் இங்கேதான். அவர்களைப் பற்றி 2021இல் வந்த 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அப்போதும், படம் காட்டுவது தங்கள் வேலையில் ஒரு பகுதியைத்தான் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். புகழ் வந்தாலும் தன் கதையைத் தானே சொல்வேன் என்கிற அந்தப் பிடிவாதம் நமக்கு வேணும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் நூற்றுக்கு 54 பேர். ஒருமுறையாவது இணையத்தைத் தொட்ட பெண்கள் 33, ஆண்கள் 57. இதில் சாதியையும் வறுமையையும் சேர்த்துப் பாருங்கள். தலைவர் அவள், அவள் பேருக்கு வரும் அழைப்பை எடுப்பது புருஷன் என்றால், இட ஒதுக்கீடு எங்கே போச்சு?

ஆதிக்க சாதியிடம் நாற்காலி கேட்கிற நாம், நம் வீட்டு ஆம்பளைகளிடம் போனையும் கேட்டாக வேண்டும். இயக்கங்கள் தங்கள் பெண்களுக்குப் படம் எடுக்கவும், சேதி சொல்லவும், மிரட்டல் வந்தால் ஆதாரத்தோடு புகார் கொடுக்கவும் பயிற்சி தரட்டும். ஓட்டுக் கேட்கப் போகும்போது மட்டும் அவர்களை முன்னால் நிறுத்தியது போதும்.