எட்டு மூலைக்குள் இரண்டு எழுத்து

எம்.ஜி. என்று இரண்டு எழுத்தைச் சொல்லி நிறுத்தினால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும். மூன்றாவதாக ஓர் ஆர். சேர்த்தால்தான் நிம்மதி. 2019-ல் ஹெக்டர் என்கிற கார் நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்தபோதுதான், அட, ஆர். இல்லாமலும் ஓர் எம்.ஜி. இருக்கிறதா என்று பலருக்கு உறைத்தது.

ஹெக்டர் பற்றி நாம் பேசப்போவதில்லை. அதன் மூக்கில் எட்டு மூலைச் சட்டத்துக்குள் இரண்டு எழுத்து உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு வேலை நீக்கம், ஒரு ரயில் விபத்து, இழுத்துப் பூட்டப்பட்ட ஓர் ஆலை, அப்புறம் ஒரு பிடிவாதக்காரக் கூட்டம் எல்லாம் இருக்கிறது.

முதலில் கூட்டம்.

இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் சாலையில் ஐஸ் கட்டாமலிருக்க உப்பைக் கொட்டுவார்கள். ஊறுகாய்க்குப் போடுகிற மாதிரி, தாராளமாக. மனிதர்களுக்கு நல்லது. பழைய காருக்கு எமன். அடித்தகட்டில் உப்புத் தண்ணீர் தெறித்தால் துரு உள்ளே புகுந்து, வெளியே தெரிவதற்குள் பாதி இரும்பைத் தின்றுவிடும். அதனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் நவம்பர் வாக்கிலேயே அதை ஷெட்டில் ஏற்றி, போர்வை போர்த்திவிடுவார்கள். மார்ச் கடைசியில் நாலு நல்ல மழை பெய்து சாலையைக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் போர்வை விலகும்.

உடனே கிளம்பிவிட முடியுமா என்றால் முடியாது. பேட்டரி தூங்கியிருக்கும். கை பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். கார்புரேட்டர் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைத் திருகிக் கழற்றி நாலு சொட்டு எண்ணெய் விடவேண்டும். பெட்ரோல் குழாயை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒரு சனிக்கிழமை முழுக்க இந்த வைத்தியத்திலேயே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு கிராமத்து பப் வாசலில் கூடுவார்கள். குளிர் பத்து டிகிரியைத் தாண்டாது. ஆனாலும் கித்தான் கூரையைப் பின்னால் மடித்துவிட்டு, மப்ளரும் குல்லாயுமாக, காற்றைக் கிழித்துக்கொண்டுதான் வந்து சேர்வார்கள். வெயில் எட்டிப் பார்த்தபிறகு கூரையை மூடி ஓட்டுவது கௌரவக் குறைச்சல். வந்ததும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சு. இந்தச் சந்திப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நாகின் அண்ட் நேட்டர்’. பாம்பெல்லாம் இல்லை. நாகின் என்றால் ஒரு சின்னக் கோப்பை மது. நேட்டர் என்றால் வெட்டி அரட்டை.

ஏப்ரல் 23-ஐ ஒட்டி வருகிற ஞாயிறு இன்னும் விசேஷம். அன்று நாடு முழுக்கப் பழைய வண்டிகளை வெளியே எடுப்பார்கள். 1900-ம் ஆண்டு அதே தேதியில்தான் 65 வண்டிகள் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போய்த் திரும்பும் ஆயிரம் மைல் பயணத்தைத் தொடங்கின. குதிரை இல்லாத வண்டி உருப்படியாக ஊர் போய்ச் சேருமா என்று சந்தேகப்பட்ட ஜனங்களுக்குக் காட்டுவதற்காக. வேக உச்சவரம்பு அப்போது மணிக்கு 12 மைல்!

இந்தக் கூட்டங்களில் எட்டு மூலை வில்லை இல்லாத கூட்டத்தைப் பார்ப்பது கடினம். ஏன் என்று கேட்டால் நாம் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகவேண்டும்.

மோரிஸ் கராஜஸ். அதன் சுருக்கம்தான் எம்.ஜி. முதலாளி வில்லியம் மோரிஸ், சைக்கிள் ரிப்பேரில் ஆரம்பித்து, மலிவு விலைக் காரில் பெரிய பணக்காரரான ஆசாமி. அவருடைய கராஜுக்கு 1921-ல் விற்பனை மேலாளராக வந்து, அடுத்த ஆண்டே பொது மேலாளர் ஆனவர் செசில் கிம்பர். மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்றில் அடிபட்ட கால் அவருக்கு. அதோடு வேகத்தின் மீது ஆசை போயிருக்க வேண்டும். போகவில்லை.

மோரிஸ் காரின் அடிச்சட்டத்தை எடுத்து, கொஞ்சம் தாழ்த்தி, அழகான உடம்பு பொருத்தி, கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்றால் என்ன? இதுதான் கிம்பரின் யோசனை. சின்னம் ஒன்று வேண்டுமே? மோரிஸ் கராஜஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த டெட் லீ என்பவர் ஸ்கேல் வைத்து ஓர் எட்டு மூலைக் கட்டத்தைப் போட்டு, உள்ளே இரண்டு எழுத்தை நுழைத்துக் கொடுத்தார். ஆமாம், கணக்கர்தான். பி.காம். படித்தவன் என்கிற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன். கணக்கர்கள் இந்தக் கதையில் இன்னும் வருவார்கள். எல்லா இடத்திலும் காலரைத் தூக்க முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1925 ஈஸ்டர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான லேண்ட்ஸ் எண்ட் வரை, ராத்திரி முழுக்க ஓட்டி, சேறும் செங்குத்துமான மேடுகளை நிற்காமல் ஏற வேண்டிய பந்தயம் அது. கிம்பர் தனக்காகவே ஒரு வண்டியைக் கட்டியிருந்தார். அந்த மார்ச் கடைசியில்தான் பதிவு எண்ணே வாங்கினார்கள். ஒல்லியான உடம்பு, இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம். தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்.

அப்புறம் அந்தக் காரை என்ன செய்தார் தெரியுமா? 300 பவுண்டுக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ஏழு வருஷம் கழித்துக் காயலான் கடையில் கிடந்த அதைக் கம்பெனி ஆள் ஒருவர் கண்டுபிடிக்க, 15 பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அதற்கு ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் வைத்து இன்றுவரை கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்பே எம்.ஜி. பெயரில் கார்கள் விற்றிருக்கின்றன. அது நம்பர் ஒன்றே கிடையாது. விளம்பரத்துக்கு இதெல்லாம் ஒரு தடையா?

நிஜமான வெடி 1928 அக்டோபரில். லண்டன் மோட்டார் காட்சியில் எம்.ஜி. மிட்ஜெட் என்று ஒரு குட்டிக் காரை நிறுத்தினார் கிம்பர். 847 சி.சி. எஞ்சின். உடம்பு ப்ளைவுட்டில் துணி ஒட்டியது. விலை 175 பவுண்டு. அன்று ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பிரபுக்கள் வீட்டுச் சமாசாரம். பெண்ட்லியின் நாலரை லிட்டர் காருக்கு உடம்பில்லாத சேஸிஸ் மட்டுமே 1,050 பவுண்டு. அந்த நிலையில் ஒரு குமாஸ்தா, ஒரு பள்ளி வாத்தியார், கொஞ்சம் மிச்சம் பிடித்தால் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்! இடம் போதாமல் 1929-லேயே ஆலையை ஆபிங்டன் என்கிற சிற்றூருக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

வாங்கியவர்களில் ஒருவர் ஜான் தார்ன்லி. இருபத்தோரு வயது. ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சிக் கணக்கர். (வந்தாரா அடுத்த கணக்கர்!) மிட்ஜெட் வைத்திருப்பவர்கள் ஒன்று சேர்ந்தால் என்ன என்று பத்திரிகையில் ஒரு கடிதம் வர, 1930 அக்டோபரில் ஸ்டீவனேஜ் அருகே ரோபக் என்கிற ஹோட்டலில் முதல் கூட்டம் கூடியது. எம்.ஜி. கார் கிளப் பிறந்தது. தார்ன்லி அதன் செயலாளர். அடுத்த ஆண்டே ஆடிட்டிங்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எம்.ஜி. ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1952-ல் அந்த ஆலைக்கே பொது மேலாளர். ரசிகர் மன்றச் செயலாளர் ஸ்டுடியோவுக்கே நிர்வாகி ஆன கதை.

கிம்பர் கதை இப்படி முடியவில்லை.

1933-ல் இத்தாலியின் ஆயிரம் மைல் ரேஸான மில்லே மிக்லியாவில் எம்.ஜி. கார்கள் தங்கள் பிரிவில் ஜெயித்தன. அதே ஆண்டு மகா ஓட்டுநர் நுவோலாரி எம்.ஜி.யில் உட்கார்ந்து அல்ஸ்டர் கோப்பையைத் தூக்கினார். பெயர் வந்தது. 1935-ல், லார்ட் நஃபீல்டு ஆகிவிட்டிருந்த மோரிஸ், அதுவரை தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த எம்.ஜி.யைத் தன்னுடைய பெரிய கம்பெனிக்கே விற்றார். ரேஸ் பிரிவுக்கு மூடுவிழா. கிம்பர் ஒரே நாளில் கலைஞரிலிருந்து ஊழியர் ஆனார்.

யுத்தம் வந்தது. ஆபிங்டனில் கார் தயாரிப்பு நின்றது. ஆலை சும்மா கிடக்கக் கூடாதே என்று கிம்பர் தானாகவே அலைந்து, ஒரு போர் விமானத்தின் மூக்குப் பகுதியைச் செய்யும் வேலையைப் பிடித்து வந்தார். தலைமை அலுவலகத்தைக் கேட்கவில்லை. அதுதான் குற்றம். 1941-ல் நிர்வாகத் தலைவர் மைல்ஸ் தாமஸ் ராஜினாமா கேட்டார். இருபது வருஷ உழைப்பு, ஒரு சந்திப்பில் காலி.

1945 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து மாலை 6 மணி லீட்ஸ் ரயில். கிளம்பியதும் சுரங்கப் பாதையில் ஏற்றம். எஞ்சின் சக்கரம் வழுக்கி, ரயில் மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. இருட்டில் டிரைவருக்கு அது புரியவில்லை. கடைசிப் பெட்டி தடம் புரண்டு, சிக்னல் தூணில் மோதியது. இறந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செசில் கிம்பர். வாழ்க்கை முழுக்க வேகத்தைத் தேடியவருக்கு, நடை வேகத்தில் பின்னோக்கி உருண்ட ரயிலில் சாவு. என்னத்தைச் சொல்ல?

சில மாதங்களில் யுத்தம் முடிந்தது. அந்த ஆண்டு கடைசியில் ஆபிங்டன் வெளியிட்ட கார் எம்.ஜி. டி.சி. மரச்சட்டத்தில் கட்டிய உடம்பு, 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள், முழங்கை வைக்க வாகாக வெட்டிய கதவு. 1250 சி.சி.; 54 குதிரைச் சக்தி. அமெரிக்க சிப்பாய்கள் இதைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தயாரான பத்தாயிரத்தில் அமெரிக்கா போனது சுமார் 2,000. அதுவும் ஸ்டீயரிங் வலது பக்கம். அமெரிக்காவுக்கு ஒத்தே வராதது. ஆனால் அந்த 2,000 செய்த வேலை கொஞ்சமல்ல. 1948-ல் வாட்கின்ஸ் கிளென் என்ற சிற்றூரின் தெருக்களிலேயே ரேஸ் நடத்தியபோது அதில் டி.சி.க்கள் ஓடின. 1961-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான பில் ஹில் ஆரம்பத்தில் ஓட்டியது இதைத்தான். காலம் பூராவும் படகு மாதிரிக் கார்களை ஓட்டிய அமெரிக்கர்களுக்கு, வளைவில் திரும்புவதிலும் ஒரு சுகம் உண்டு என்று காட்டியது இந்தக் குட்டி வண்டி.

தார்ன்லி காலத்தில் எம்.ஜி.ஏ. ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1962-ல் வந்த எம்.ஜி.பி. ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பெரும்பகுதி அமெரிக்காவுக்கு.

அங்கேதான் வினை. 1979-ல் பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிரே ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு எம்.ஜி.பி.யிலும் 900 பவுண்டு நஷ்டம் என்றது அப்போதைய உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட். நான் படித்த காஸ்ட் அக்கவுண்டிங் ஒன்று சொல்லும்: பொதுச் செலவை எந்தப் பொருளின் தலையில் எவ்வளவு கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து லாபம் நஷ்டமாகும், நஷ்டம் லாபமாகும். வேறு கார்கள் விற்காமல் தத்தளித்த ஒரு கம்பெனி காட்டிய 900-ஐ நான் அப்படியே விழுங்கத் தயாரில்லை. பவுண்டு ஏறியது நிஜம். பதினேழு வருஷமாகப் புது மாடலுக்குப் பணம் ஒதுக்காதது அதைவிட நிஜம்.

அந்த செப்டம்பரில் ஆபிங்டனுக்கு ஆலை வந்து ஐம்பது வருஷம். ஊரே திருவிழா கொண்டாடியது. விழா முடிந்து விடிந்த திங்கட்கிழமை, செப்டம்பர் 10, அறிவிப்பு வந்தது: எம்.ஜி. தயாரிப்பு நிறுத்தப்படும். தோரணத்தையாவது கழற்றவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

யூனியன் கத்தியது. அமெரிக்க டீலர்கள் கத்தினார்கள். ஆனால் அந்த மாதக் கடைசியிலேயே நூற்றுக்கணக்கான எம்.ஜி.க்கள் லண்டன் தெருக்களில் ஊர்வலம் வந்ததுதான் வேடிக்கை. கார் வாங்கியவன் கம்பெனியை மூடாதே என்று கொடி பிடித்ததை வேறெங்கே பார்ப்பது? ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு குழு ஆலையை வாங்கிக்கொள்ள முயன்றது. பணம் புரளவில்லை. 1980 அக்டோபரில் கதவு பூட்டப்பட்டது.

ஆனால் வசந்தம் வந்தால் கூட்டம் நின்றதா? இல்லை. ஒவ்வொரு வருஷமும் வந்தார்கள். துரு மட்டும் அவர்களைவிடப் பிடிவாதமாக இருந்தது. உடம்பே உளுத்துப்போனால் எத்தனை நாள் ஒட்டுப் போடுவது? அந்தத் தேவையைப் பார்த்த பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற துணை நிறுவனம், எம்.ஜி.பி. தகடுகளை அழுத்திய பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-ல் புத்தம்புதிய எம்.ஜி.பி. உடம்பு செய்து விற்க ஆரம்பித்தது. செத்து எட்டு வருஷமான காருக்கு! 1992-ல் இன்னும் ஒரு கூத்து. தாய்க் கம்பெனியான ரோவரே அந்த உடம்பை அடிப்படையாக வைத்து ஆர்.வி.8 என்று ஒரு காரை விற்றது. சுமார் 2,000 கார்கள். பெரும்பாலானவற்றை ஜப்பான்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு ரோவரும் 2005-ல் விழுந்தது. எட்டு மூலையை ஒரு சீன கம்பெனி வாங்கியது. அந்த வழியாகத்தான் அது நம் ஊர் ஹெக்டரின் மூக்குக்கு வந்தது.

ஆபிங்டனில் இன்று கார் செய்வதில்லை. ஆனால் பழைய ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தில் எம்.ஜி. கார் கிளப்பின் தலைமையகம் இருக்கிறது. 1930-ல் ஹோட்டலில் கூடிய அதே கிளப்தான். வாசலில் ‘கிம்பர் ஹவுஸ்’ என்று பெயர். தெருப் பெயர்தான் கொஞ்சம் இடிக்கிறது. செமட்ரி ரோடு. நம் பாஷையில் இடுகாட்டுத் தெரு.