மனமாற்றத்திற்கும் ஒரு மனமாற்றம்

தவக்கால ஞானஒடுக்கம் முடிந்து ஆலயத்தை விட்டு வெளியே வரும்போது நம் உள்ளம் கனன்றுகொண்டிருக்கிறது. இனிப் புதிய மனிதராய் வாழ்வோம் என்று உறுதி பூணுகிறோம். உயிர்ப்புப் பெருவிழா கழிந்து சில வாரங்களுக்குள் அக்கனல் தணிந்துவிடுகிறது. உண்மையில் நாம் மனம் மாறினோமா என்ற ஐயமும் உடன் எழுகிறது. இந்த ஐயம் உள்ளவர்களுக்குப் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வரலாறு துணை நிற்கும்.

1521ஆம் ஆண்டு மே 20ஆம் நாள். பிரெஞ்சுப் படை முற்றுகையிட்ட பாம்பலோனா கோட்டையில், பீரங்கிக் குண்டு ஒன்று இனிகோ என்னும் வீரனின் வலக்காலை முறித்தது. அந்தக் குண்டே அவரைப் புனிதராக்கியது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடந்தது வேறு. முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்தி, முழங்காலுக்குக் கீழே துருத்தி நின்றது. அரசவைக்கு ஏற்ற அழகிய காலணியை அணிய முடியாதே என்று வருந்திய இனிகோ, மயக்க மருந்து அறியாத அக்காலத்தில், அந்த எலும்பை அறுத்தெடுக்கச் செய்தார். கால் முறிந்திருந்தது, பகட்டு முறியவில்லை.

நோய்ப்படுக்கையில் அவர் வீரக் கதைகளைக் கேட்டார். வீட்டிலிருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தாம். அவற்றைப் படித்த நாள்களில் ஒன்றை அவர் கவனித்தார். உயர்குலப் பெண் ஒருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களை எண்ணும்போது உள்ளம் இனித்தது. எண்ணி முடித்தபின் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ்வதை எண்ணும்போதும் இனித்தது. அந்த இனிமை பின்னும் நிலைத்தது. பிற்காலத்தில் அவர் உலகுக்குக் கற்பித்த தெளிந்து தேர்தலின் வித்து இதுவே.

ஆயினும் பழைய இனிகோ உள்ளே உயிரோடுதான் இருந்தார். அசிசி பிரான்சிசும் தொமினிக்கும் செய்தவற்றை நானும் செய்து காட்டுவேன் என்று எண்ணினார். களம் மாறியதே தவிர, வெல்லத் துடித்த மனம் மாறவில்லை. 1522 மார்ச் 24ஆம் நாள் இரவு, மொன்செராத் திருத்தலத்தில் தம் விலையுயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்கு ஈந்துவிட்டுச் சாக்குடை அணிந்தார். அன்னை மரியாவின் பீடத்தின்முன் விழித்திருந்து செபித்து, தம் வாளையும் அங்கேயே விட்டுச் சென்றார். மறுநாள் ஒருவர் அவரைத் தேடி விரைந்து வந்தார். அந்த ஏழை உடைகளைத் திருடியதாகப் பிடிபட்டிருந்தார்! தம் துறவு எளியவர் ஒருவருக்குத் துன்பமாய் முடிந்ததை அறிந்து இனிகோ கண்ணீர் விட்டார்.

அடுத்து மன்ரேசா. அங்கே முடியையும் நகங்களையும் வளரவிட்டார். நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி கிட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனையும் வந்தது. ஒரு வாரம் உண்ணாதிருந்தவரை உண்ணும்படி பணித்தார் அவருடைய ஆன்ம குரு. வெல்லவே பழகியவர் கீழ்ப்படிந்தார். பள்ளிப் பிள்ளையை ஆசிரியர் நடத்துவதுபோல் இறைவன் தம்மை நடத்துவதைச் சிறிது சிறிதாக உணர்ந்தார். கார்டோனர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்த ஒருநாள் அவர் பெற்ற உள்ளொளி வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. பிறருக்கு உதவத் தொடங்கியபோது முடியையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார். மனமாற்றத்திற்கே நேர்ந்த மனமாற்றம் இது. தம் தவத்தைத் தாமே அளந்து பார்ப்பதை விட்டு, பிறருடைய நலத்தை நாடத் தொடங்கினார்.

1523இல் எருசலேமுக்குச் சென்றார். அங்கேயே தங்க விரும்பினார்; அனுமதி கிட்டவில்லை. 1524இல் பார்சலோனாவில், முப்பது வயதைக் கடந்த அந்த முன்னாள் வீரர், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். பார்ப்பவர் வியக்க அதில் ஏதுமில்லை. ஆனால் ஆன்மாக்களுக்கு உதவ அது தேவைப்பட்டது. பின்னர் பாரிசில் அவரோடு ஓர் அறையில் தங்கிப் பயின்றவர்களுள் பிரான்சிஸ் சவேரியாரும் ஒருவர். 1540இல் இயேசு சபை திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. இரண்டே ஆண்டுகளில் சவேரியார் நம் முத்துக்குளித்துறையில் கால் பதித்தார். இலக்கணம் கற்கக் கூசாத அந்தத் தாழ்ச்சியின் பயன் நம் கடற்கரைவரை வந்து சேர்ந்தது.

ஆகவே, கனல் தணிந்ததே என்று கலங்க வேண்டா. இஞ்ஞாசியாருக்கும் வறண்ட நாள்கள் இருந்தன. நாம் நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் புதுப்பிக்கப்பட்டதால் என் வீட்டில் யாருடைய சுமை குறைந்தது? என் பக்தியால் யாருக்கேனும் சுமை கூடிற்றா? நாள்முடிவில் ஆண்டவர் திருமுன் சற்றே அமர்ந்து இதைச் சிந்திப்போம். அவர் நம்மையும் பள்ளிப் பிள்ளைகளைப் போலப் பொறுமையுடன் நடத்துவார்.